கத்தியில்லாத அறுவை

புற்றுநோய்க்குக் "கரண்டு வைக்கப் போகிறார்கள்" என்றதும், உடம்பு வெந்துபோகும் என்ற எண்ணம்தான் நம்மவர்களில் பலருக்கு வருகிறது. அது கரண்டு அல்ல. எக்ஸ்ரே படம் எடுக்கும் கதிரின் இனத்தைச் சேர்ந்த, அதைவிட வலிமை மிகுந்த கதிர். புற்றணுக்களின் உட்கருவைச் சிதைத்து, அவை பெருகாமல் தடுக்கிறது. ஆனால் கதிர் போகும் வழியிலுள்ள நல்ல சதையும் அடிபடுமே! அதனால்தான் வழக்கமான சிகிச்சையைச் சிறு பங்குகளாகப் பிரித்துப் பல வாரங்களுக்குக் கொடுக்கிறார்கள்.

இதற்கு வேறொரு வழி கண்டவர் சுவீடன் நாட்டு மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல். மண்டையைத் திறக்காமல் கதிராலேயே அறுவை செய்யலாம் என்று 1951இல் எழுதினார். அவர் யோசனை பால்மரம் வெட்டியவர்களுக்கு எளிதில் விளங்கும். விடியுமுன் இருட்டில் கத்தி கீழே விழுந்துவிட்டது. ஒருவருடைய தலைவிளக்கில் அது மங்கலாகத் தெரியும். இருபது பேர் சுற்றி நின்று அந்த ஒரே இடத்தில் வெளிச்சம் காட்டினால், அங்கே மட்டும் பளீரென்று பகலாகிவிடும். ஒவ்வொரு விளக்கும் தனித்தனியே மங்கல்தான். 1968இல் ஸ்டாக்ஹோமில் பயனுக்கு வந்த முதல் 'காமா கத்தி'யில் 179 கோபால்ட் கதிர்மூலங்கள் இருந்தன. பெயரில்தான் கத்தி!

கதிர்கள் சந்திக்கும் இடம் மில்லிமீட்டர் கணக்கில் பிசகக்கூடாது. ஆகவே தலைக்குச் சட்டம் பொருத்துவார்கள், அல்லது முகத்துக்கு அளவெடுத்த முகமூடி போடுவார்கள். நுரையீரல் மூச்சோடு ஏறி இறங்குவதால் அதற்குத் தனிக் கணக்கு. தலைக்கு வந்த இம்முறை உடம்புக்கு வந்ததே 1990களின் தொடக்கத்தில்தான். இதற்குத்தான் ஸ்டீரியோடாக்டிக் கதிர்வீச்சு சிகிச்சை என்று பெயர். பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஐந்து தடவைக்குள் முடிந்துவிடும். நாள் சம்பளக்காரருக்கு இது சின்ன விஷயமா?

ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தாது. கட்டி சிறிதாகவும், எல்லை தெளிவாகவும் இருக்கவேண்டும். பல இடங்களில் பரவிவிட்டால் பெரும்பாலும் வேறு சிகிச்சைதான். "உங்களுக்கு இது வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால், ஏழை என்பதால் ஒதுக்கிவிட்டார் என்று உடனே எண்ணிவிடாதீர்கள். காரணத்தைக் கேளுங்கள், மலாய் தடுமாறினால் படித்த பிள்ளையைக் கூட அழைத்துப் போங்கள்.

என் மாணவி ஒருத்தியின் பாட்டி இந்தச் சிகிச்சை முடிந்து வந்தார். வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனிப் பாய். பேத்தி பக்கத்தில் போகக்கூடாதாம். எனக்கு மனம் பொறுக்கவில்லை. வெளியிலிருந்து செலுத்தும் கதிர் உடம்பில் தங்குவதில்லை, கருவி நின்றதும் அதுவும் நின்றுவிடும் என்று போய்ச் சொன்னேன். கதிர் மருந்தை உள்ளுக்குக் கொடுப்பதோ, உடம்புக்குள் வைப்பதோ வேறு முறை. அதற்கு விதிகள் உண்டு. மருத்துவமனையிலேயே சொல்லி அனுப்புவார்கள்.

சிகிச்சையின்போது வலிக்காது. பிறகு களைப்பு வரலாம். தலையில் செய்தவர்களுக்கு வீக்கத்தால் கடும் தலைவலி, வாந்தி, வலிப்பு வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கட்டியும் மறுநாளே மறைந்துவிடாது. சுருங்கச் சில மாதங்களாகும், சிலருக்கு வளராமல் நிற்பதே வெற்றி. அதைப் பார்க்கத்தான் திரும்ப ஸ்கேனுக்குத் தேதி கொடுக்கிறார்கள். அந்தத் தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். போகும்போது பழைய படங்களும் கையிலிருக்கட்டும்.