பசித்த கரி

"கரி போட்டா மண்ணு பொன்னாகும்னு சொன்னாங்க, என் கீரை வெளுத்துப் போச்சு." வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் பலர் இப்படி வருத்தப்படுகிறார்கள். சொன்னவர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். வெறுங்கரியாக மண்ணில் போட்டால் அது முதலில் தன் வயிற்றைத்தான் நிரப்பிக்கொள்ளும். செடிக்குப் போகவேண்டிய தழைச்சத்து கொஞ்ச காலத்துக்குக் கரிக்குள் அடைபட்டுவிடும்.

மண்ணில் போடும் கரிக்குப் பயோசார் என்று பெயர். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அமேசான் காட்டின் கறுப்பு மண்ணைக் காட்டுவார்கள். ஐரோப்பியர் கால்வைப்பதற்கு வெகுகாலம் முன்பே அங்கு வாழ்ந்த மக்கள் உண்டாக்கிய மண் அது. இன்றும் வளமாக இருக்கிறது. ஆனால் அதில் கரியோடு எலும்பு, மீன் முள், சமையல் கழிவு, மண்பாண்ட ஓடு எல்லாம் கலந்து கிடக்கின்றன. நாம் கரியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம்.

நமக்குக் கரிக்குப் பஞ்சமில்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேலத்தை மூட்டம் போடும் இடங்களில், விலைபோகாத பொடிக்கரி மிஞ்சும். வாங்குமுன் கையில் தேய்த்துப் பாருங்கள். வெறும் தண்ணீரில் கழுவினால் போய்விடவேண்டும். பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு சோப்பு கேட்டால், அது சரியாக வேகாத கரி, தோட்டத்துக்கு ஆகாது.

கரியை நனைத்துச் சாக்கில் கட்டி, கொண்டைக்கடலை அளவுக்கு இடியுங்கள். காய்ந்த கரியை இடித்தால் தூள் நெஞ்சுக்குள் போகும். பிறகு கரிக்குச் சமமாக மட்கிய எருவைக் கலந்து, சாணமும் கோமியமும் சேர்த்துப் புளிக்கவைத்த ஜீவாமிர்தமோ பத்து மடங்கு தண்ணீர் விட்ட கோமியமோ தெளித்து, நிழலில் குவித்து மூடுங்கள். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் சொட்டக்கூடாது, உதிரவும் கூடாது, அதுதான் பதம். வாரம் ஒருமுறை புரட்டிவிட்டு, குறைந்தது மூன்று வாரம் பொறுங்கள். அவசரப்படுகிறவர்களிடம் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. தொழுவத்தில் கோமியம் தேங்கும் பள்ளத்தில் கரித்தூளைப் பரப்பிவிடுங்கள். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி அம்மோனியா, காற்றோடு போகிற தழைச்சத்து. கரி அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும், நெடியும் தணியும். கரி ஊறிக் கனத்ததும் சாணத்தோடு வழித்துக் குப்பைக்குழியில் போட்டு மட்கவிட்டால், அடுத்த பட்டத்துக்கு எரு தயார். சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த சத்து இது, காசு கொடுத்து வாங்கும் யூரியாவுக்கு உறவுக்காரன்.

பாத்தி மண்ணில் பத்தில் ஒரு பங்கு இந்தக் கலவை போதும். புளிப்பேறிய செம்மண் இதை நன்றாக ஏற்கும். களர் நிலத்தில் கவனம் வேண்டும். சாம்பல் கலந்த கரி பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. மண் பரிசோதனையில் கார அமில நிலை 8-ஐத் தாண்டியிருந்தால் கரியை விட்டுவிட்டு, எருவையும் தக்கைப்பூண்டையும் போடுங்கள்.