கழித்த தோல்

ஆம்பூர் டேனரிகளில் தோலைத் தரம் பிரிக்கும் செலக்‌ஷன் மேசைக்கு வெளிச்சம் முக்கியம். அது தோல்மேல் சாய்ந்து விழுந்தால்தான் உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, சூடு போட்ட தழும்பு எல்லாம் தெரியும். ஒரே தோலில் முதுகு கெட்டி, வயிறு தொளதொளப்பு. முழுக்கச் சீரான தோலைப் பாலாற்றங்கரையில் யாரும் கண்டதில்லை.

சீரான கம்பியை இயற்பியலாளர்கள் காகிதத்தில் கண்டார்கள். 2001இல் அலெக்ஸி கிதாயேவ் போட்ட கணக்கில், மீக்கடத்திக் கம்பியின் இரு முனைகளிலும் ஓர் எலெக்ட்ரானின் இரண்டு பாதிகள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொள்ளும். தனக்குத் தானே எதிர்த்துகளான ஒன்றை 1937இல் முன்வைத்து, மறு ஆண்டே காணாமல் போன எட்டோரே மயோரானாவின் பெயர் அவற்றுக்கு. ஒரு முனையை மட்டும் குடைந்தால், இரண்டும் சேர்ந்து வைத்திருக்கும் ரகசியம் வெளிவராது. மறுபாதி அந்தப் பக்கம் இருக்கிறதே! குவாண்டம் கணினிக்காரர்களுக்கு நாக்கில் நீர் ஊறியது இதனால்தான்.

நிஜக் கம்பியோ தோலின் ஜாதி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் திப்திமான் சென், டிகோட்டார்டி, ஸ்மிதா விஷ்வேஷ்வரா ஆகியோருடன் 2013இல் சீரற்ற கம்பியின் கணக்கைப் போட்டார். ஓரளவு மேடுபள்ளத்தை முனைப் பாதிகள் தாங்கும். எலெக்ட்ரான் அலை அதில் சிக்கி முடங்கும் நீளம், மீக்கடத்து ஜோடியின் நீளத்தைவிடக் குறுகினால் தாங்காது. 'அசைக்க முடியாதது' என்ற பேச்சுக்கு உத்தரவாதம் அவ்வளவுதான்.

இன்னொரு வம்பும் உண்டு. முனைப் பாதிகளைக் காட்டிக்கொடுப்பது, மின்கடத்தலில் சுழிய ஆற்றலில் எழும் ஒரு முகடு. மின்னழுத்தம் ஓரிடத்தில் மெல்லச் சரிந்தாலே, ஆண்ட்ரீவ் நிலை என்ற சாதாரண ஆசாமி அதே சுழிய ஆற்றலில் வந்து நின்று அதே முகட்டைக் காட்டும். பஃபிங் செய்து, பிக்மென்ட் அடித்து, பிளேட் வைத்து மயிர்க்கண் பதித்த தோல் அசலைவிடப் பளபளப்பதில்லையா? ஓரத்தை அறுத்துப் பார்த்தால்தான் பூச்சு தெரியும்.

2018இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வகக் குழு நேச்சர் இதழில், கோட்பாடு சொன்ன அதே உயரத்தில் முகட்டைக் கண்டதாக எழுதியது. இயற்பியலாளர்கள் செர்கே ஃப்ரோலோவும் வின்சென்ட் மூரிக்கும் மூலத் தரவைக் கேட்டு வாங்கினார்கள். (மூரிக், அதே ஆய்வகத்தின் 2012 கட்டுரையின் முதல் ஆசிரியர்.) ஒத்துவராத அளவீடுகள் வெளியே விடப்பட்டிருந்தன. 2021இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. விசாரித்த வல்லுநர்கள் மோசடி என்று சொல்லவில்லை. உற்சாகம் கண்ணை மறைத்துவிட்டது என்றார்கள்.

நாமும் செலக்‌ஷனைக் குறை சொல்லவில்லை. ஆம்பூர் பிழைப்பதே அதில்தான். ஆனால் இங்கே கழித்த தோலும் எண்ணிக்கையில் வரும், கீழ் கிரேடில் வேறு விலைக்குப் போகும். ஆய்வுக்கூடம் கழித்த தோல் எந்தக் கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறது?

2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் 'மயோரானா 1' சில்லை அறிவித்தது. கூடவே நேச்சரில் வந்த கட்டுரையின் மதிப்பீட்டுக் கோப்பில், இம்முடிவுகள் மயோரானா நிலைகளுக்குச் சான்றாகா என்று இதழின் பதிப்பாசிரியர் குழுவே எழுதிவைத்திருந்தது.