அவிழ்த்து விடுவது இரக்கமன்று



கார்த்திகைத் தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தைக்குக் குதிரைகளும் வருகின்றன. வாங்குவோர் பல்லைப் பார்த்து வயதைக் கணிக்கின்றனர். அந்தப் பல் தேய்ந்தபின் என்னவாகும் என்று கேட்பாரில்லை. ரமணாசிரமப் பகுதியில், செங்கம் சாலையோரம், விலா எலும்பு தெரியக் குப்பையைக் கிளறும் முதிய குதிரையே அதற்கு விடை. நம் நிக்காஹ் ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமந்ததும் அதுவாக இருக்கலாம்.

கேட்டால், “ரிஸ்க் அல்லாஹ்வின் பொறுப்பு, அவிழ்த்துவிட்டால் மேய்ந்துகொள்ளும்” என்கின்றனர். இதனை நாம் மறுக்கிறோம். ரிஸ்க் அவனுடையதே, ஆனால் அதைக் கொண்டுசேர்க்கும் கடமையை உரிமையாளனின் கையில் அவன் வைத்திருக்கிறான். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியிட்ட பெண் தண்டிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். “நாங்கள் கட்டிவைக்கவில்லையே” என்பீர்கள். மேய்ச்சல் நிலமில்லாத ஊரில், மெல்லப் பல்லில்லாத விலங்குக்குத் தெருவே கட்டுத்தறி அல்லவா?

குதிரைக்கு உடல் பெரிது, இரைப்பை சிறிது. 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 கிலோ உலர்தீவனம், சிறிது சிறிதாகக் கிடைக்க வேண்டும். முதிய குதிரை புல்லை அரைகுறையாக மென்று உருண்டையாகத் துப்பிவிடும். அதற்குப் புல்லைப் பொடியாக நறுக்கி நனைத்தும், கொள்ளை ஊறவைத்து வேகவைத்து மசித்தும், பல வேளைகளாகக் கொடுக்க வேண்டும். நல்ல நீர் எப்போதும் வேண்டும். தவிடு மட்டும் போட்டால் சுண்ணாம்புச்சத்துக் குறைந்து எலும்பு நலியும். மீந்த சோற்றைக் குவித்து வைப்பதும் தருமமன்று. அது வயிற்றுவலியையும் குளம்பு நோயையும் தரும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. விழுங்கிய பிளாஸ்டிக் குடலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

விலங்குக்கு உணவளிக்க மறுப்பவனை, உணவளிக்கவோ விற்கவோ ஆட்சியாளர் கட்டாயப்படுத்தலாம் என்கிறது ஷாஃபிஈ ஃபிக்ஹ். உரிமையாளர் கைவிட்ட முதிய விலங்குகள் சாகும்வரை மேய்வதற்கென்றே திமிஷ்கில் ஒரு பசும்புல்வெளி வக்ஃபு செய்யப்பட்டிருந்ததை முஸ்தஃபா அஸ்ஸிபாஈ பதிவு செய்துள்ளார். நம் முன்னோர் வக்ஃபு செய்த இடத்தில் நாம் சாக்குச் சொல்லி நிற்கிறோம். நம் அண்டையிலுள்ள ரமணாசிரமத்தில், 1948இல் இறந்த லட்சுமி என்னும் பசுவுக்குச் சமாதி உண்டு. அவர்களின் வழிமுறை நம்முடையதன்று. ஆனால் இறுதிவரை பராமரித்த அந்தப் பொறுப்பின் முன் நாம் வெட்கப்பட வேண்டும்.

ஆகவே, ஊர்வலத்துக்குக் குதிரை பிடிப்போர் அது தின்றதா என முதலில் கேளுங்கள், மெலிந்ததை மறுத்துவிடுங்கள். ஜமாஅத்தார் முதிய குதிரைகளின் தீவனத்துக்கென ஒரு பங்கு ஸதகாவை ஒதுக்குங்கள். வாய்பேசா இவ்வுயிர்கள் மறுமையில் நமக்கெதிராகப் பேசாதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.