வெள்ளைச் சட்டையின் மேல் வீண் பழி

பாடசாலைச் சீருடையை ஒழித்துவிட வேண்டுமென்று நம்மவருள் கற்றோர் சிலர் பேசத் தலைப்பட்டுள்ளனர். அது வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற வழக்கமாம். பிள்ளையின் தனித்தன்மையைக் கொல்வதாம். ஏழைப் பெற்றோரின் முதுகில் ஏற்றிய சுமையாம்! ஏழையின் பெயராற் பேசும் இவ்வன்பர்களின் வீடுகளில் அலுமாரி நிறைய உடையுண்டு என்பதை முதற்கண் நினைவிற் கொள்வோமாக.

நம் மண்ணில் உடை என்றுமே வெறுந் துணியாக இருந்ததில்லை. இன்னார் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டலாகாது, இன்னார் வீட்டுப் பெண்கள் மேற்சட்டை அணியலாகாது என்று யாழ்ப்பாணத்துச் சாதித் தடிப்பு விதி வகுத்திருந்த காலம் வெகு தொலைவில் இல்லை. அதே தடிப்புத்தான் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கு வாங்கை மறுத்து, அவர்களை நிலத்தில் இருத்தியது. 1920களின் இறுதியில், அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கவேண்டுமென்ற விதி வந்தபோது நிகழ்ந்ததென்ன? யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. மேட்டிமை கொண்டோரோ பாடசாலைகளுக்குத் தீ மூட்டினர்!

சம ஆசனம் கிடைத்த பின்னரும், பக்கத்தில் இருப்பவன் யார் வீட்டுப் பிள்ளை என்பதை அவனுடைய சட்டை சொல்லிக் கொண்டேயிருந்தது. அந்தச் சட்டையின் வாயை அடைத்தது சீருடை. அது சாதியை ஒழித்துவிட்டதென்று யாம் சொல்லவில்லை. ஊரையும் குறிச்சியையும் கேட்டுச் சாதியறியும் வித்தை இன்னும் சாகவில்லை. ஆயினும் காலை ஏழரை மணி முதற் பிற்பகல் ஒன்றரை மணி வரையாவது, வைத்தியரின் மகனும் தோட்டத்திற் கூலிக்கு நிற்பவரின் மகனும் பார்வைக்கு ஒருவரேயன்றோ?

சுமை என்ற வாதத்துக்கு வருவோம். கமக்காரர் ஒருவருக்கு நான்கு பிள்ளைகள் என்று கொள்வோம். சீருடை இருப்பின் இரண்டு சோடி உடுப்பை இரவிற் துவைத்து ஆண்டை ஓட்டிவிடலாம். அது நீங்கினால் ஐந்து நாளுக்கும் எதை உடுத்து அனுப்புவார்? தீபாவளிக்கு எடுத்த ஒரே சட்டையையா? பாடசாலையில் வர்ண உடை அணியலாமென்று அறிவித்த நாட்களில் எத்தனை பிள்ளைகளுக்குக் "காய்ச்சல்" வருகின்றதென்று ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980இல் இலவசப் பாடநூல் வந்தது. 1993இல் பிரேமதாச அரசாங்கம் இலவசச் சீருடைத் துணி வழங்கத் தொடங்கியது. அவர்களுடைய அரசியலோடு நமக்கு ஆயிரம் வழக்குண்டு. எனினும் அந்தத் துணி வன்னிக் குடிசைக்கும் மலையகத்து லயத்துக்கும் சென்றதை மறைப்பது நேர்மையன்று. 2022இன் நெருக்கடிக்குப் பின்னர் அத்துணியின் பெரும்பகுதி சீனாவின் அன்பளிப்பாக வந்ததே, வெட்கப்பட வேண்டிய செய்தி அது! தன் பிள்ளைகளுக்குச் சட்டைத் துணி கொடுக்கவும் பிறர் கையை எதிர்பார்க்கும் அரசு, கட்டாயம் என்ற சொல்லை எந்த வாயாற் சொல்வது?

உண்மையான சுமை வேறிடத்தில் உள்ளது. கழுத்துப்பட்டியென்றும், விளையாட்டுப் போட்டிக்கு இல்லத்து நிறத்திற் சட்டையென்றும், குறிப்பிட்ட வகைச் சப்பாத்தென்றும் ஆண்டுதோறும் புதிது புதிதாகக் கேட்கும் பாடசாலைகள், முன்வாயிலால் வந்த சமத்துவத்தைப் பின்வாயிலால் அனுப்புகின்றன. சப்பாத்தில்லை என்று பிள்ளையை வாசலிலிருந்து திருப்பியனுப்பும் அதிபருக்கும், அன்று வாங்கை மறுத்தவருக்கும் வேற்றுமை யாது?

சீருடை கட்டாயமாகவே இருக்கட்டும். அக்கட்டாயம் அரசையும் அதிபரையும் சேர்த்தே பிணிக்கட்டும். மூன்றாந் தவணை முடியுமுன் துணி பிள்ளையின் கையிற் சேரவேண்டும். வறிய குடும்பங்களுக்குத் தையற்கூலியும் சப்பாத்தும் அதனோடு வரவேண்டும். சீருடைக்கு மேலாக ஒரு சதமும் கேட்கலாகாதென்று கல்வி அமைச்சு சுற்றறிக்கை விடவேண்டும். நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் இதை எழுப்புவார்களா?