பழவேற்காட்டு மீனும் ரேஷன் பாமாயிலும்

"உனக்குக் கொழுப்பு அதிகமாயிடுச்சு" என்று திட்டுகிறவர்கள் யாரும், உடம்பில் எந்த இடத்தில் அதிகமாச்சு என்று சொல்வதில்லை. உண்மையில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்!

தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பு பெரும்பாலும் பேங்க் சேமிப்பு மாதிரி. தேவைப்படும்போது உடம்பு எடுத்துக்கொள்ளும். அதே கொழுப்பு வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும், கல்லீரலுக்குள்ளும் சேர்ந்தால் வில்லங்கம். இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை நோய், இதய நோய் வரும் வாய்ப்பு கூடும். இந்தியர்களில் பலர் ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு இருக்கும். அதனால்தான் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது என்கிறார்கள்.

சரி, எங்கே சேரும் என்பதை எது தீர்மானிக்கிறது? பரம்பரை, உழைப்பு, சாப்பாட்டின் அளவு எல்லாம் உண்டு. சாப்பிடும் கொழுப்பின் வகைக்கும் அதில் பங்கு உண்டு. ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2014-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 39 இளம் வயதினருக்கு 7 வாரம், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் கேக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குப் பாமாயில் கேக், மீதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெய் கேக். இரண்டு குழுவிலும் எடை ஏறியது ஒரே அளவுதான், சராசரியாக 1.6 கிலோ. ஆனால் பாமாயில் குழுவினருக்குக் கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு அதிகமாகச் சேர்ந்தது. மற்றவர்களுக்குத் தசை போன்ற கொழுப்பில்லாத திசு கூடுதலாக வளர்ந்தது. எடை மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது!

இப்போது பழவேற்காடு ஏரிக்கரைக்கு வாருங்கள். மடவை, இறால், நண்டு என்று கிடைக்கிற ஏரி. மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு, கல்லீரல் புதிதாகக் கொழுப்பு செய்வதைக் குறைத்து, இருப்பதை எரிக்க உதவும். ஆனால் நல்ல விலை போகும் சரக்கு சென்னைக்கு வண்டி ஏறிவிடுகிறது. வீட்டுக்கு வருவது ரேஷன் பாமாயில். 2007 முதல் மலிவு விலையில் கொடுக்கப்படும் இந்த எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி நிறைவுற்ற கொழுப்பு. மிஞ்சிய மீனும் அதில்தான் பொரிகிறது.

"வலை இழுக்கிற உடம்புக்கு எண்ணெய் என்ன செய்யும்?" என்று கேட்கலாம். உழைக்கும் நாளில் சரி. பாடு முறையில் தன் முறை வராத நாளில், புயல் மழை நாளில் வலைக்கு லீவு. வாணலிக்கு லீவு கிடையாது.

இதற்கு மீனவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. ஏழை வீடு மலிவான எண்ணெயைத்தான் வாங்கும். அதே மானியத்தில் கடலை எண்ணெயையும் ரேஷனில் கொடுத்தால் என்ன? அதில் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குதான். விவசாயிகளும் இதைத்தான் கேட்கிறார்கள். எந்த எண்ணெயானாலும் அளவு மீறினால் ஆபத்துதான் என்பது வேறு விஷயம்.

அதுவரை, பிடித்த மீனில் கொஞ்சமாவது வீட்டுக் குழம்புச் சட்டிக்கு வரட்டும். பொரித்தால் எண்ணெய் மீனுக்குள் ஏறும். குழம்பு வைத்தால் மீனின் கொழுப்பு குழம்பிலேயே இருக்கும். சோற்றோடு உள்ளே போகும். பாட்டிமார் வைத்த குழம்பு சும்மா இல்லை!