கோடியில் ஏறுகிற மீன் யாருடையது?

ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கத்தில் இரண்டு பேச்சுதான். தீபத்துக்கு இந்த வருஷம் எத்தனை லட்சம் ஜனம் வரும் என்பது ஒன்று. ஏரி கோடி போகுமா போகாதா என்பது இன்னொன்று. முதல் பேச்சு திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் நடக்கும், அதை எழுத நாளிதழ்கள் இருக்கின்றன. இரண்டாவது பேச்சு தண்டராம்பட்டு, செங்கம் பக்கத்துச் சேரிகளில் நடக்கும். எழுத ஆளில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம் என்று பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பாடத்தில் தலைவி வாடைக்காற்றில் தலைவனை நினைத்து மெலிந்துகொண்டிருந்தாள். எங்க ஆயா அதே வாடையில இடுப்பளவு தண்ணியில நின்னுகினு ஊத்தா குத்திக்கினு இருந்தா. ஊத்தா பார்க்காத நகரத்துத் தோழர்களுக்காகச் சொல்கிறேன்: மூங்கில் சிம்பில் பின்னிய அடியில்லாத கூடை, மேலே கை நுழைகிற அளவுக்கு வாய். கலங்கல் தண்ணீரில் குத்தி நிறுத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். சிக்கியது கெண்டையா கொரவையா என்று விரலுக்கே தெரியும். கெளுத்தி என்றால் முள் ஏறிய பிறகு தெரியும்.

ஏரி நிரம்பிக் கோடியில் தண்ணீர் வழிய ஆரம்பித்ததும் கீழே ஓடையிலும் கழனியிலும் கிடக்கிற மீனெல்லாம் எதிர்த்து ஏறும். புதுத்தண்ணிக்கு எதிரேறிப் போய் முட்டை போடுவது அதன் சுபாவம். அந்த இரண்டு மூன்று ராத்திரிகள்தான் சேரிக்கு மீன்காலம். பறி வைப்பார்கள், பழம்புடவையை இரண்டு பேர் பிடித்து வாரிக்கொண்டு வருவார்கள். விராலை மட்டும் ஆயா விடச் சொல்லும், குஞ்சோடு இருந்தால். செவசெவன்னு பந்து மாதிரி குஞ்சுகள் மேலே மிதக்கும், தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். "அத்தப் புடிச்சா அத்தினியும் அநாதிடா" என்கும். மீன்வள அதிகாரிகள் வந்து வகுப்பெடுத்து எங்களுக்கு இது தெரியவில்லை.

எங்க தாத்தா நீர்க்கட்டி. வட ஆற்காடு, செங்கல்பட்டு ஏரிப்பாசனத்தில் மதகைத் திறப்பது, மூடுவது, கழனிக்குக் கழனி மடை மாற்றுவது எல்லாம் பெரும்பாலும் சேரி ஆளின் வேலை. கூலி களத்துமேட்டில் மரக்கால் கணக்கு. 1998இல் எனக்கு 9 வயசு. ஐப்பசி கடைசியில் நல்ல மழை. கரை உடைந்துவிடுமோ என்று தாத்தா இரண்டு ராத்திரி மண்மூட்டை அடுக்கிக்கொண்டு கிடந்தது. மூன்றாம் நாள் விடியலில் கோடிக்குக் கீழே நாங்கள் ஊத்தா போட்டுக்கொண்டிருந்தபோது மீன் குத்தகை எடுத்தவரின் ஆட்கள் வந்தார்கள். ஊத்தாவை மிதித்து நொறுக்கினார்கள். அன்னக்கூடையில் இருந்த மீனைச் சேற்றில் கொட்டினார்கள். தாத்தா கரையிலிருந்து ஓடிவந்து, "நான் நீர்க்கட்டி சாமி, கொயம்புக்குத்தான்" என்றது. பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: "தண்ணிக்குத்தான்டா நீ நீர்க்கட்டி. மீனுக்கு இல்ல."

இந்த ஒரு வரியில் இருக்கிற அரசியல் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பட்டமும் ஒரு பேங்க் வேலையும் தேவைப்பட்டது.

நூறு ஏக்கருக்கு மேல் பாசனமுள்ள ஏரி பொதுப்பணித்துறையுடையது, இப்போது நீர்வளத்துறை என்று பெயர். அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. சாத்தனூர் அணையின் மீன், 1974இல் தொடங்கிய தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழகத்தின் கையில். ஆக எல்லாமே 'பொது'. ஆனால் மீன்பாசி குத்தகை என்று ஒன்று இருக்கிறது. ஏலம் விடுவார்கள். ஏலத்தில் கேட்க முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும், டிமாண்ட் டிராப்ட் எடுக்க வேண்டும். அந்த டிராப்டை எடுக்க எங்கள் கவுன்ட்டருக்கு வருகிறார்கள். ஒரு முறை வந்தவர் வெள்ளைவேட்டி, பணம் அவர் பையிலிருந்து வந்தது. விண்ணப்பத்தில் இருந்த பெயர் அவர் பின்னால் நின்றிருந்தவருடையது. "சார், எங்க கைநாட்டு வெக்கணும்?" என்று அவர் கேட்டார். கேட்ட விதத்திலேயே எந்தத் தெரு என்று தெரிந்துவிட்டது. பெயர் எழுதினால் என் வேலை போகும், எழுதவில்லை. நம் ஆள் பெயரில் ஏலம், ஊர்த்தெருவின் பணம், ஊர்த்தெருவின் மீன். நம் ஆளுக்குக் கிடைத்தது என்ன? விரலில் மை.

குத்தகை வந்ததும் ஏரியே வேறாகிவிடுகிறது. கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விடுகிறார்கள். 1952இல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபிக் கெண்டை இன்று விடாமலே பெருகிக் கிடக்கிறது. ஆராலும் அயிரையும் குறைந்துபோயின. சில இடங்களில் கோழிக்கழிவைக் கொண்டுவந்து தீனியாகக் கொட்டுகிறார்கள், மாடு தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறது. மீன் பிடிக்க வசதியாக மதகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றி, கடைமடையில் பயிரைக் காயவிடுகிறவர்களும் உண்டு. கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருப்பவன் யார் என்று சொல்லத் தேவையில்லை.

நாம் நிலத்துக்குப் போராடியிருக்கிறோம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கையிலிருந்து தொடங்கிய பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபர் 10இல் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். ஏரியைப் பற்றி நம் இயக்கங்கள் பேசிய தீர்மானங்கள் எத்தனை? மேலவளவில் 1997 ஜூன் 30இல் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் வெட்டிச் சாய்த்தபோது, 'தலைவர் நாற்காலியில் ஒரு பறையன் உட்காருவதா' என்ற சாதித்திமிரைப் பேசினோம், பேசத்தான் வேண்டும். அந்த நாற்காலியோடு சேர்ந்து வருகிற கண்மாய், மீன் ஏலம், புளியமர ஏலம் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. மகத் நகராட்சி 1924இலேயே சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் போட்டுவிட்டது. 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் போய் அள்ளிக் குடிக்கும்வரை அது காகிதம். குடித்த பிறகு சாதி இந்துக்கள் கோர்ட்டுக்குப் போய் வாதாடியது என்ன தெரியுமா? அது பொதுக்குளமே இல்லை, தனியார் குளம் என்று. 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை இழுத்தார்கள். நம் ஏரியிலோ கோர்ட்டுக்குப் போகும் சிரமம்கூட இல்லை. ஏலமே பொதுவைத் தனியாராக்கிக் கொடுத்துவிடுகிறது.

ஒரு தோழர் என்னைக் கேட்டார்: "படிச்சு வெளிய வந்த பிறகு திரும்ப ஊத்தாவையும் நீர்க்கட்டி வேலையையும் தூக்கிப் பிடிக்கிறியே, இது சாதித்தொழில் பெருமைதானே?" நியாயமான கேள்வி. நீர்க்கட்டி வேலை என் தாத்தாவோடு போகட்டும், எனக்கு வேண்டாம், என் மகளுக்கும் வேண்டாம். நான் கேட்பது வேலையை அல்ல, வருமானத்தை. ஆயாவின் ஊத்தாவைப் பற்றி எழுதும்போது எனக்குக் கவிதை வருகிறது என்பது உண்மைதான், அதற்காகக் கொஞ்சம் வெட்கப்படுகிறேன்.

மீன் நாற்றம் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் இங்கே வந்த அப்போதைய ஆளுநர் ஆர்.என். ரவி, கிரிவலப் பாதையில் அசைவக் கடைகள் இருப்பதால் பக்தர்கள் மனம் வருந்துவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பதினாலு கிலோமீட்டர் பாதை. அதன் ஓரத்தில் சேரிகள் உண்டு, அங்கே கார்த்திகையில் மீன் குழம்பு கொதிக்கும். நாங்கள் எங்கே போய் மனம் வருந்துவது? அதே வருஷம் ஜனவரி 30இல்தான் தென்முடியனூரில் நம் மக்கள் கலெக்டர், போலீஸ் காவலோடு மாரியம்மன் கோயிலுக்குள் முதன்முறையாகப் போனார்கள். கோயிலுக்குள் போக இவ்வளவு போலீஸ் என்றால் ஏரிக்குள் இறங்க எவ்வளவு வேண்டுமோ.

2024 டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். முதல்நாள் இரவு நம் மலையிலேயே மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் புதைந்திருந்தார்கள். அகரம்பள்ளிப்பட்டில் சுமார் 16 கோடி ரூபாயில் கட்டித் திறந்து மூன்று மாதம்கூட ஆகாத பாலத்தைத் தென்பெண்ணை அடித்துக்கொண்டு போனது. அந்த அழிவுக்கு நடுவே ஒன்றைப் பார்த்தேன். தண்ணீர் வடிந்த கழனிகளில், பள்ளங்களில், அணை மீன் கிடந்தது. கை நீளத்துக் கட்லா. இரண்டு நாளைக்குக் குத்தகைதாரர் இல்லை, கங்காணி இல்லை. வீடிழந்த சனம் அதைப் பிடித்து, பள்ளிக்கூட வராந்தாவில் அடுப்பு மூட்டிக் குழம்பு வைத்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு பைக் வந்து நின்றது, "எவன்டா மீன புடிச்சது" என்று.

கோடிக்குக் கீழே, கைவலைக்கும் ஊத்தாவுக்கும் ஏலம் பொருந்தாது என்று விதி வேண்டும். சிறு ஏரிகளின் மீன்பாசி குத்தகையில் ஒரு பங்கை, முன்வைப்புத் தொகை இல்லாமல், சேரிப் பெண்கள் குழுவுக்கு ஒதுக்க வேண்டும். பினாமி ஏலம் ரத்தாக வேண்டும். நம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அந்த நேரத்தில் ஏலம் எப்படி நடந்தது, யார் எடுத்தார்கள், எவ்வளவுக்கு என்று எங்கள் ஒன்றியத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டிருக்கிறேன். முப்பது நாளில் பதில் தர வேண்டும். இன்றோடு 22 நாள். மாணவத் தோழர்கள் அவரவர் ஒன்றியத்தில் இதே மனுவைப் போடலாம், பத்து ரூபாய்தான். நகல் வேண்டுமென்றால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், அனுப்புகிறேன்.