தாத்தா நட்ட மரமும் 'காட்டுப் பழமும்'

போன வாரம் கேண்டீனில் நண்பன் ஒருவன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் போர்னியோ தீவின் மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து, சிவப்புச் சுளை டுரியானைப் பிளந்து வாயில் போட்டுக் கண்ணை மூடிச் சொக்கிப் போகிறார். கீழே "யாருக்கும் தெரியாத அரிய காட்டுப் பழம்" என்று எழுத்து ஓடுகிறது. "மச்சி, வேலை கிடைச்சதும் முதல் டூர் இங்கதான்" என்றான். போகட்டும், சந்தோஷம். ஆனால் அந்த ஒரு வரி எனக்குத் தொண்டையில் மாட்டிய மீன் முள்ளாக இன்னும் உறுத்துகிறது.

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். பழத்துக்காகத் தீவு வரை போவது பைத்தியக்காரத்தனம் இல்லை. உலகச் சந்தையில் விற்கும் டுரியான் பெரும்பாலும் ஒரே இனம். போர்னியோவிலோ சிவப்பு, ஆரஞ்சு என்று விதவிதமான சுளையோடு சாப்பிடக்கூடிய வேறு பல இனங்கள் இருக்கின்றன. நம் பலாவுக்குச் சொந்தக்காரப் பழமான தாரப், பிளந்த சில மணி நேரத்தில் சுவை கெட்டுவிடும். கப்பலில் ஏற்ற முடியாது. பழம் வராது என்றால் ஆள்தான் போக வேண்டும். 1854 முதல் 1856 வரை சரவாக்கில் சுற்றிய இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ்கூட டுரியானுக்காகவே கிழக்கே பயணம் வரலாம் என்கிற மாதிரி 1869இல் எழுதி வைத்தார். ஆக, நாக்கின் ஆசையில் தப்பே இல்லை.

தப்பு "யாருக்கும் தெரியாத", "காட்டு" என்ற இரண்டு வார்த்தைகளில் இருக்கிறது.

யாருக்கும் தெரியாதா? அந்தத் தீவின் தயாக் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். மேற்குக் கலிமந்தானில் 'தெம்பாவாங்' என்று சொல்லப்படும் பழத்தோப்புகள் பல, பழைய நீளவீடுகள் இருந்த இடத்தில் மக்களே நட்டு வளர்த்தவை. வீடு இடம் மாறிப் போனாலும் மரம் நின்றது. நட்டவரின் பேரன் பேத்திகள் எல்லோருக்கும் அந்த மரத்தில் பங்கு உண்டு. பழம் விழும் பருவத்தில் மரத்தடியிலேயே காத்திருந்து பொறுக்குவார்கள். வெளியூர்க்காரன் கண்ணுக்கு அது காடு. அவர்களுக்கு அது குடும்ப வரலாறு. நம் கொல்லையில் தாத்தா வைத்த மாமரத்தை ஒருவன் படமெடுத்து "காட்டு மரம்" என்று போட்டால் சும்மா விடுவோமா?

"வெறும் வார்த்தைதானே, இதுக்கு ஏன்டா இவ்வளவு டென்ஷன்?" என்று நண்பன் கேட்டான். வெறும் வார்த்தை இல்லை நண்பர்களே, இது சொத்து விஷயம்!

மலேசியாவின் சரவாக் மாநில நிலச் சட்டம், 1958. அதன் 5ஆவது பிரிவு, பூர்வகுடிகளுக்கு நிலத்தின் மேல் வழக்காற்று உரிமை வரும் வழிகளைப் பட்டியல் போடுகிறது. அதில் ஒன்று, பழ மரம் நடுவது! ஆனால் 1958 ஜனவரி 1க்குப் பிறகு அரசு அனுமதி இல்லாமல் புதிதாக அந்த உரிமையை உண்டாக்க முடியாது. அதாவது பத்திரம் இல்லாத குடும்பத்துக்கு, அந்தத் தேதிக்கு முன்னால் தாத்தா நட்ட டுரியான் மரம்தான் சாட்சி. அதைப் போய் "தானாக முளைத்த காட்டு மரம்" என்று சொன்னால் யாருக்கு லாபம்? "இது காலி நிலம்" என்று சொல்லிக்கொண்டு புல்டோசரோடு வருகிறவனுக்கு.

அப்படித்தான் போர்னியோவில் காடும் தோப்பும் பெரிய அளவில் அழிந்து, மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்து வந்த செம்பனை வரிசை வரிசையாக நிற்கிறது. அதன் எண்ணெய்தான் நம் பாமாயில். உலகிலேயே மிக அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்வது இந்தியா, பெரும்பகுதி இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து. எங்கள் வீட்டு அப்பளம் பொரிவதும் ரேஷன் கடைப் பாமாயிலில்தான். அதை நிறுத்தச் சொல்லும் வசதி எங்கள் வீட்டுக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பி.காம் முதல் வருடத்தில் சொல்லித் தந்த பாடம்: ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. நமக்கு மலிவாக வந்த எண்ணெய்க்கு அங்கே யாரோ ஒருவரின் தோப்பு கணக்கில் போயிருக்கலாம். அந்தக் கணக்கை மறைக்காமல் இருக்கவாவது நம்மால் முடியும்.

"சுற்றுலாவால அவங்களுக்கும் காசு வருதே" என்பீர்கள். வரட்டும். ஆனால் பாதிப் பணம் விமானக் கம்பெனிக்கும் ஓட்டலுக்கும் போன பிறகு, சந்தையில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் மட்டும் பத்து நிமிடம் பேரம் பேசுகிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன், அதற்குப் போர்னியோ வரை போக வேண்டியதில்லை :-)

அதனால் நண்பா, தாராளமாகப் போ. பாட்டி சொன்ன விலையைக் கொடு. பழத்துக்கு அந்த ஊரில் என்ன பெயரோ அதையே எழுது. சுளையை வாயில் போடுவதற்கு முன்னால் "இது யார் நட்ட மரம்?" என்று ஒரு வார்த்தை கேள். பதில் கிடைத்தால் அதையும் சேர்த்து வீடியோவில் போடு. "யாருக்கும் தெரியாத" என்று மட்டும் போடாதே.